ஐந்து நட்சத்திரமும் ஐந்து வெள்ளியும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டு வாசலுக்குக் காகிதப்பூச் செடியோ கொல்லைக்கு மாங்கன்றோ வேண்டுமென்றால், பலரும் காரைச் சுங்கை பூலோவுக்குத்தான் திருப்புவார்கள். ஜாலான் ஹாஸ்பிட்டல் ஓரமெங்கும் நர்சரிகள். ஒரே மாதிரி கறுப்பு வலைக் கூரை, ஒரே மாதிரி தொட்டிகள், ஏறக்குறைய ஒரே விலை. எந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்துவது என்பதை இப்போது பாதி முடிவு செய்வது கைப்பேசியில் தெரியும் நான்கு புள்ளி சொச்சம் என்ற ஓர் எண். பக்கத்துக் கடைக்கும் அதே நான்கு புள்ளி சொச்சம்தான். ஆனால் ஒரு பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தால் வண்டி அங்கே போய் நிற்கிறது.

இந்த வியாபாரம் பிறந்த கதையே நம்பிக்கையைப் பற்றியது. 1930இல் பிரிட்டிஷ் ஆட்சி இங்கே தொழுநோயாளர் குடியிருப்பைத் திறந்தது. நோயாளிகளின் கை பட்ட காசு வெளியே போகக்கூடாது என்று 1936இல் குடியிருப்புக்கென்றே தனிப் பணத்தாள் அச்சிட்டார்கள். மருந்து வந்து நோய் குணமான பிறகும், ஊருக்குள் திரும்ப இடமில்லாதவர்கள் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்றார்கள். அந்தச் செடிகளில் நோய் எதுவும் இல்லை. இருந்தும் விற்றவரைப் பார்த்து ஊர் தயங்கியது. சரக்கின் தரத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாமல் ஒரு கடையின் பெயர் கெடும், அதே போல உயரவும் செய்யும் என்பதை இந்தச் சாலை நெடுங்காலமாகவே அறியும்.

பொருளியலாளர் பிலிப் நெல்சன் 1970இல் ஒரு வகைப்பாட்டைச் சொன்னார். சில பொருள்களின் தரம் வாங்கும் முன்பே கண்ணுக்குத் தெரியும். சிலவற்றின் தரம் பயன்படுத்திப் பார்த்த பிறகே தெரியும். மூன்றாண்டு கழித்து டார்பியும் கார்னியும் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தார்கள்: பயன்படுத்திய பிறகும் வாங்கியவரால் தரத்தைத் தீர்மானிக்க முடியாதவை. வைத்தியம், வண்டிப் பழுது, வழக்கறிஞர் சேவை எல்லாம் இந்தக் கடைசி வகை. நட்சத்திரப் பட்டியலோ மூன்றையும் ஒரே கோலால் அளக்கிறது.

செடியையே எடுத்துக்கொள்வோம். பூத்துக் குலுங்கும் காகிதப்பூவைத் தொட்டியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் இடம் மாறிய அதிர்ச்சியில் சில நாளில் பூவைக் கொட்டிவிடும். அது செடியின் சுபாவம். அதைத் தெரியாதவர் அன்றிரவே ஒற்றை நட்சத்திரம் போடுவார். ஒட்டுமாங்கன்று வாங்கியவர் கடைக்காரர் மரியாதையாகப் பேசினார், வண்டி நிறுத்த இடமிருந்தது என்று ஐந்து நட்சத்திரம் போடுவார். அட்டையில் எழுதியிருந்த ரகம்தானா அது என்பது மரம் காய்க்கிற வரை அவருக்கும் தெரியாது. காய்க்கும்போது, பல வருஷத்துக்கு முன் போட்ட கருத்தைத் தேடிப்போய் யார் திருத்துகிறார்கள்? ஆக, நர்சரிக்கு விழும் நட்சத்திரங்கள் பெரும்பாலும் விற்பனை நாளின் மதிப்பெண்கள். கன்று எப்படி வளர்ந்தது என்பதற்கு மதிப்பெண் போட ஆளில்லை.

அதே சாலையில் இருக்கும் அரசாங்க மருத்துவமனைக்கும் நட்சத்திரம் உண்டு. 2020இல் கோவிட் நோயாளிகளை நாட்டிலேயே முதன்மையாக ஏற்றுக்கொண்ட மருத்துவமனை அது. காத்திருந்த நேரம், தாதியரின் பேச்சு, கார் நிறுத்துமிடம் ஆகியவற்றை நோயாளியின் உறவினர் சரியாகவே மதிப்பிட முடியும். கொடுத்த சிகிச்சை சரியானதா என்பதை அவரால் எப்படிச் சொல்ல முடியும்? இதில் இன்னொரு சங்கடம்: நோயாளியின் விவரத்தைப் பொதுவில் சொல்லக்கூடாது என்பதால், தவறான குற்றச்சாட்டு வந்தாலும் மருத்துவர் வாயைத் திறக்க முடியாது. ஒரு தரப்பு மட்டும் பேசக்கூடிய விசாரணை அது.

உணவகங்களிலும் இதே குருட்டுப் பகுதி இருக்கிறது. 2018 ஜூனில் பங்சாரில் பேர்பெற்ற வாழையிலை உணவகம் ஒன்றின் ஊழியர்கள், கடைக்குப் பின்னால் தேங்கிய நீரில் தட்டுக் கழுவும் காணொளி நாடெங்கும் பரவியது. கோலாலம்பூர் மாநகர் மன்றம் கடையை மூடியது. மேசையில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பின்சந்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். பின்சந்துக்குப் போவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள்கள் இருக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி தரச் சான்றிதழ் அவர்கள் கொடுப்பது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி சுத்தமில்லாத கடையைப் பதினான்கு நாள் வரை மூடும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ ஒரு கடைக்குள் நுழையும்போது அந்தத் தாளை நிமிர்ந்து பார்ப்பவர்கள் எத்தனை பேர்? கைப்பேசியைத்தான் பார்க்கிறோம். பயிற்சி பெற்ற அதிகாரி உள்ளே போய்ப் பார்த்துக் கொடுத்த எழுத்தைவிட, முகம் தெரியாத நூறு பேரின் சராசரி நமக்கு நெருக்கமாகிவிட்டது. அதிகாரிகள் மேல் மக்களுக்குள்ள பழைய சந்தேகமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தச் சராசரி எப்படி உண்டாகிறது? மிகவும் மகிழ்ந்தவரும் மிகவும் கொதித்தவரும்தான் எழுதுகிறார்கள். 'பரவாயில்லை' என்று எழுந்து போனவர் எழுதுவதில்லை. அமேசான் கருத்துகளை ஆராய்ந்த ஹூ, பவ்லோ, ஜாங் ஆகியோர் 2009இலேயே இதைக் காட்டினார்கள்: ஐந்து நட்சத்திரத்தில் பெருங்குவியல், ஒன்றில் சிறு குவியல், நடுவில் பள்ளம். ஏர்பிஎன்பி தங்குமிடங்களை 2015இல் ஆராய்ந்தவர்கள் ஏறத்தாழ 95 விழுக்காட்டு வீடுகளின் சராசரி நாலரையோ ஐந்தோ என்று கண்டார்கள். எல்லாரும் முதல் வகுப்பில் தேறிவிட்டால் மதிப்பெண் பட்டியலைத் தொங்கவிடுவதில் என்ன பொருள்? மனிதர்கள் முன்னால் வந்தவரைப் பின்பற்றுவதும் உண்டு. முச்னிக், ஆரல், டெய்லர் மூவரும் 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு கருத்துக்குச் செயற்கையாக முதல் சாதக வாக்கு ஒன்றைப் போட்டால் போதும், இறுதி மதிப்பு சராசரியாக 25 விழுக்காடு ஏறியது. செயற்கையாகப் போட்ட பாதக வாக்கைப் பின்வந்தவர்கள் திருத்திவிட்டார்கள். பொய்ப் புகழைத் திருத்த அத்தனை பேர் முன்வரவில்லை.

இந்த எண்ணுக்குப் பணமதிப்பு இருக்கிறது. சியாட்டில் உணவகங்களை வைத்து 2011இல் மைக்கேல் லூக்கா செய்த ஆய்வில், யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 விழுக்காடு வரை கூடியது. அதைவிட முக்கியமான முடிவு ஒன்று அதே ஆய்வில் உண்டு. இந்த ஏற்றம் முழுக்கக் கிளை இல்லாத தனிக் கடைகளுக்குத்தான். கிளைகள் பரப்பிய பெரிய உணவக நிறுவனங்களை நட்சத்திரம் அசைக்கவில்லை. அவற்றின் பெயர்ப்பலகையே உத்தரவாதம். பெயர்ப்பலகைக்கு விளம்பரச் செலவு செய்ய முடியாத கிள்ளான் சாப்பாட்டுக் கடைக்கும், பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்கும், சுங்கை பூலோ நர்சரிக்கும் நட்சத்திரம்தான் முகவரி. அதனால் சபலமும் அவர்களுக்குத்தான் அதிகம். லூக்காவும் ஸெர்வாஸும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் உணவகங்கள் பற்றிய கருத்துகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை யெல்ப் தளமே சந்தேகத்துக்குரியவை என்று வடிகட்டியிருந்தது. பெயர் தளர்ந்திருக்கும்போது கடை தனக்கே புகழ் எழுதிக்கொள்ளவும், போட்டி கடுமையாகும்போது அடுத்த கடை மேல் சேறு வீசவும் வாய்ப்புக் கூடுகிறது என்பது அவர்கள் கண்டது.

ஆனால் இது வெறும் ஒழுக்கக் குறைவின் கணக்கு இல்லை. மேஸ்லின், டோவர், செவாலியே மூவரும் 2014இல் ஒரே ஓட்டல்களை இரண்டு தளங்களில் ஒப்பிட்டார்கள். எக்ஸ்பீடியாவில் அறை எடுத்துத் தங்கியவர் மட்டுமே எழுத முடியும். டிரிப்அட்வைசரில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். பக்கத்தில் பெரிய நிறுவனத்தைச் சேராத தனி ஓட்டல் இருக்கும் இடங்களில், திறந்த தளத்தில் மட்டும் எதிர்மறைக் கருத்துகள் கூடியிருந்தன. ஊரும் அதே ஊர், ஓட்டல்காரர்களும் அதே ஆள்கள்தான். கதவைத் திறந்து போட்ட தளத்தில் பொய் நுழைந்தது. சாவி கேட்ட தளத்தில் குறைந்தது. கதவு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் கடைக்காரர் இல்லையே.

நம் நாட்டில் பொய் நட்சத்திரம் இன்னொரு உருவமும் எடுத்திருக்கிறது. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ பகுதிநேர வேலை என்று ஒரு தகவல் வரும். வேலை எளிது: அனுப்பும் இணைப்பைத் திறந்து, காட்டும் ஓட்டலுக்கோ உணவகத்துக்கோ ஐந்து நட்சத்திரம் போட்டு, திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். முதலில் சில வெள்ளி உண்மையாகவே கணக்கில் விழும். பிறகு 'பெரிய வேலை' வரும். அதற்கு முன்பணம் கட்ட வேண்டும். கட்டிய பணத்தை எடுக்க இன்னும் பணம். சேமிப்பு கரைந்த பிறகுதான் விழிப்பு வரும். போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கும் மோசடி இது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண் இத்தகையவர்களுக்காகத்தான். இதில் ஏமாந்தவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் போட்ட நட்சத்திரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த ஓட்டல் இதைக் கேட்டிருக்க வேண்டும் என்பதில்லை. மோசடிக்காரர்களுக்குத் தேவை நம்பும்படியான ஒரு வேலை. தங்கள் வேலைக்கு அவர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததே ஒரு சாட்சி: காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரம் போடுவது சாதாரண மனிதருக்கு விசித்திரமாகப் படுவதில்லை.

படாமல் போனதற்குப் பழக்கமும் காரணம். ஷோப்பியில் வாங்கிய பொருளுக்குக் கருத்தெழுதினால் நாணயப் புள்ளிகள் கிடைக்கும். கடை மேசையில் 'ஐந்து நட்சத்திரம் போட்டால் ஒரு தேதாரிக் இலவசம்' என்று அட்டை நிற்கும். கடைக்காரர் அன்போடு கேட்கும்போது மறுப்பது அநாகரிகமாகத் தோன்றும், அதிலும் அவர் 'அண்ணே' என்று கூப்பிட்டுவிட்டால். கருத்துக் கேட்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். ஐந்து போட்டால்தான் தேநீர் என்ற நிபந்தனையில்தான் தவறு தொடங்குகிறது. இன்னொரு பக்கம், கடைக்காரரை மிரட்டிக் காசைத் திரும்பப் பெறும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஏதாவது சர்ச்சை வைரலானால், அந்தக் கடைப் பக்கம் கால் வைக்காதவர்களும் ஒற்றை நட்சத்திரம் குத்துவார்கள். பெயர் ஒத்துப்போன வேறு கடைக்கும் சேர்ந்து அடி விழும்.

பெரிய நிறுவனங்களின் தந்திரம் இன்னும் நுட்பமானது. ஆஸ்திரேலியாவின் மெரிட்டன் என்ற தங்குவிடுதி நிறுவனம், முகம் சுளித்துப் போன விருந்தினர்களின் மின்னஞ்சல் முகவரியில் மூன்று எழுத்துகளைச் சேர்த்துக் கெடுத்தது. அதனால் டிரிப்அட்வைசரின் கருத்துக் கோரும் அஞ்சல் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 2018இல் நீதிமன்றம் முப்பது லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஒரு பொய்கூட எழுதப்படாத வழக்கு இது. உண்மை வரும் வழியை மட்டும் அடைத்தார்கள்.

இனி தளங்களின் பங்கு. 2024ஆம் ஆண்டில் மட்டும் விதிமீறிய 24 கோடிக்கும் மேற்பட்ட கருத்துகளைத் தடுத்தோ நீக்கியோ விட்டதாக கூகள் சொல்கிறது. மலைக்க வைக்கும் எண்தான். ஆனால் பிடிபட்டதைத்தான் அது சொல்கிறது; தப்பியவற்றின் கணக்கு அதில் வராது. எது ஏன் நீங்கியது என்பது கடைக்காரருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. விளம்பரம் தராத கடைகளின் நல்ல கருத்துகளை யெல்ப் மறைக்கிறது என்று சில சிறு வியாபாரிகள் வழக்குப் போட்டார்கள். 2014இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அப்படிச் செய்ததா இல்லையா என்ற ஆராய்ச்சிக்குள் போகாமலே, செய்திருந்தாலும் அது மிரட்டிப் பணம் பறிப்பதாகாது, நல்ல கருத்து தனக்குக் காட்டப்பட வேண்டும் என்ற உரிமை கடைக்கு இல்லை என்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கடையின் முகவரி முழுக்க அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தப் பக்கத்தின் மேல் கடைக்கு எந்த உரிமையும் இல்லை என்பது அதன் பொருள்.

மலேசியாவில் இந்தச் சமநிலையின்மை இன்னும் ஒரு படி மேலே போகிறது. நேர்மையாகக் குறை எழுதியவர்தான் இங்கே முதலில் அஞ்ச வேண்டியவர். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் உண்மையையும் நியாயமான விமர்சனத்தையும் தற்காப்பாக ஏற்கிறது. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றப் படியேற வேண்டும். இருபது வெள்ளிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியவர், வழக்கறிஞர் கடிதம் வந்ததும் கருத்தை அழித்துவிடுவதுதான் இயல்பு. 2012இல் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 114ஏ பிரிவு, ஒரு பதிவில் ஒருவரின் பெயரோ படமோ இருந்தாலும், அதைத் தாங்கும் தளத்தை நடத்தினாலும், அவர்தான் வெளியிட்டவர் என்று முதலில் ஊகித்துக்கொள்கிறது. மறுக்க வேண்டியது அவர் பாடு. இந்தப் பிரிவின் பலத்தை 2021 பிப்ரவரியில் மலேசியாகினி அனுபவித்தது. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக, நீதிமன்ற அவமதிப்பு என்று கூட்டரசு நீதிமன்றம் அந்தச் செய்தித் தளத்துக்கு ஐந்து லட்சம் வெள்ளி அபராதம் போட்டது. சில மணி நேரத்தில் வாசகர்கள் நன்கொடை திரட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்பது வேறு கதை. பிறர் எழுதியதற்கு உள்ளூர்த் தளம் பொறுப்பு என்ற கொள்கை இந்த நாட்டில் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பொய் நட்சத்திரத்தைத் தொடவும் சட்டம் இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளுக்கோ சேவைக்கோ இல்லாத ஆதரவையும் அங்கீகாரத்தையும் இருப்பதாகக் காட்டுவதைத் தடுக்கிறது. 2007இல் செய்த திருத்தம் அதை இணைய வணிகத்துக்கும் நீட்டித்தது. தானே எழுதிக்கொண்ட புகழுரை இதற்குள் அடங்கும் என்று வாதிடலாம். ஆனால் அந்தச் சட்டம் பொருள் விற்பவரை மனத்தில் வைத்து எழுதியது. கருத்துகளைத் தொகுத்துக் காட்டி, அதன் பக்கத்தில் விளம்பரம் விற்கும் இடைத்தரகர் அதன் பார்வைக்கு வெளியே நிற்கிறார். 2025 ஜனவரியில் வந்த உரிம விதி, எண்பது லட்சம் பயனர்களுக்கு மேலுள்ள சமூக ஊடகங்களுக்கும் செய்தி அனுப்பும் செயலிகளுக்கும்தான். கடைகளுக்கு நட்சத்திரம் போடும் நிலப்படம் அந்த இரண்டு வகையிலும் வராது.

வெளியே சட்டம் நகர்ந்திருக்கிறது. இந்தியா 2022 நவம்பரில் இணையக் கருத்துகளுக்கென்று ஐஎஸ் 19000 தர விதியைக் கொண்டுவந்தது; விரும்பியவர் பின்பற்றலாம் என்பதால் அதன் பல் கூர்மையாக இல்லை. பொய்க் கருத்துகளுக்கு எதிரான அமெரிக்க வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பிரிட்டன்தான் தளத்தின் கழுத்தில் கை வைத்தது. 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, பொய்க் கருத்துகளைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டியது தளத்தின் கடமை; மீறினால் உலக வருமானத்தில் பத்து விழுக்காடு வரை அபராதம். அதற்குச் சில மாதம் முன்பே, பொய்யாக நட்சத்திரம் கூட்டிக்கொண்ட கடைகளின் பக்கத்தில் எச்சரிக்கை போடுவோம் என்று கூகள் அந்நாட்டு ஆணையத்திடம் எழுதிக் கொடுத்தது. அதே நிறுவனம் அதே எச்சரிக்கையைச் சுங்கை பூலோ கடையின் பக்கத்தில் போட்டால் அது நிறுவனத்தின் விருப்பம். பிரிட்டனில் அது கொடுத்த வாக்கு.

கடைசியாக, பாதிக்கப்பட்டவர் எங்கே போவது? நர்சரியில் ஏமாந்த பயனீட்டாளருக்கு ஒரு வழி இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐம்பதாயிரம் வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், விசாரணை தொடங்கி அறுபது நாளுக்குள் தீர்ப்புத் தர முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பலருக்கு இது தெரியாததால்தான் ஆத்திரம் எல்லாம் ஒற்றை நட்சத்திரமாக வடிகிறது. பொய்க் கருத்தால் வியாபாரம் கெட்ட நர்சரிக்காரருக்கோ அந்தக் கதவு திறக்காது, ஏனென்றால் அவர் பயனீட்டாளர் இல்லை. கைப்பேசியில் புகார்ப் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்கலாம். இல்லையென்றால், எழுதிய ஆள் யாரென்று வெளிப்படுத்தச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்கி, அதன் பிறகு அவதூறு வழக்குத் தொடுக்கலாம். ஒரு வருஷச் செடி விற்ற லாபம் அதற்குப் போதாது. ஐந்து வெள்ளி மன்றத்தின் வரம்பைச் சிறு கடைகளுக்கும் நீட்டி, கருத்து ஏன் இருக்கிறது அல்லது ஏன் நீங்கியது என்று தளத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி வந்து பதில் சொல்ல வேண்டும் என்று விதித்தால் புதிய ஆணையம் எதுவும் தேவைப்படாது. உள்நாட்டு வாணிப அமைச்சு திருத்த வேண்டியது தன் கையில் ஏற்கெனவே இருக்கும் அந்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான்.